நியூயார்க் மேயர் பிரைமரி: ஐந்து பேரைக் குறிக்கலாம், ஓட்டு ஒன்றுதான்

நியூயார்க் நகர மேயர் பிரைமரியில், அதாவது ஒரு கட்சி தன் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை குறிக்கலாம் என்றதும், ஆளுக்கு ஐந்து ஓட்டு என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, ஓட்டு ஒன்றுதான். அது முதலில் யாருக்கு, அவர் போட்டியிலிருந்து கழன்றுவிட்டால் அடுத்து யாருக்கு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு வருகிறீர்கள், அவ்வளவுதான்.

2019-இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்திக் கொண்டுவந்த முறை இது. 73 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. மேயர் பிரைமரிக்கு முதன்முதலில் வந்தது 2021-இல். ஒரு கட்சியின் பிரைமரியில் அந்தக் கட்சிக்காரராகப் பதிவு செய்தவர்தான் ஓட்டுப் போட முடியும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை.

சீட்டில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஐந்து வட்டங்கள் இருக்கும், 1 முதல் 5 வரை. பிடித்தவருக்கு 1-இல் கறுப்பாக்குங்கள், அடுத்தவருக்கு 2-இல், இப்படியே. ஒரே ஆளுக்கு ஐந்து வட்டத்தையும் நிரப்பினால் பலம் கூடாது, ஒருமுறைதான் கணக்கு; மற்ற நான்கு இடமும் வீண். ஒரே எண்ணில் இரண்டு பேரைக் குறிக்காதீர்கள், அந்த எண்ணிலிருந்து சீட்டு செல்லாமல் போய்விடும். ஒருவரை மட்டும் குறித்துவிட்டு வரலாம், தப்பில்லை, ஆனால் அது புத்திசாலித்தனமா என்பதைக் கீழே பாருங்கள்.

எண்ணும்போது முதல் விருப்பத்திலேயே யாராவது பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் கதை முடிந்தது. இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டுகளில் அடுத்து யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மாற்றுவார்கள். இரண்டு பேர் மிஞ்சும்வரை இதே வேலை. உங்கள் முதல் ஆள் போட்டியில் இருக்கும்வரை இரண்டாவது பெயரை யாரும் தொடுவதில்லை, அதனால் இரண்டாவதாக ஒருவரைப் போட்டால் முதல் ஆளுக்குப் பாதகம் என்ற பயம் வேண்டாம்.

2021 ஜனநாயகக் கட்சி பிரைமரியைப் பாருங்கள். முதல் சுற்றில் எரிக் ஆடம்ஸ் சுமார் 31 சதவீதம், மாயா வைலி 21, கேத்ரின் கார்சியா 20-க்குச் சற்றுக் கீழே. ஆண்ட்ரூ யாங் நீக்கப்பட்டதும் அவருடைய ஓட்டுகளில் நிறைய கார்சியாவுக்குப் போக, மூன்றாவதாக இருந்தவர் வைலியைத் தாண்டிவிட்டார். யாங் கடைசி நாட்களில் கார்சியாவோடு சேர்ந்து பிரச்சாரம் செய்து, அவரை இரண்டாவதாகப் போடச் சொல்லியிருந்தார். கடைசியில் ஆடம்ஸ் ஜெயித்தது வெறும் 7,197 ஓட்டில். அதைவிட முக்கியம், கடைசிச் சுற்றில் ஆடம்ஸ், கார்சியா இருவர் பெயருமே இல்லாமல் கணக்கிலிருந்து விழுந்த சீட்டுகள் சுமார் 1,40,000, அதாவது வித்தியாசத்தைப் போல இருபது மடங்கு! எனக்கு இதில் பெரிய குறையாகப் படுவது இதுதான், ஏனென்றால் அந்தச் சீட்டுகளைப் போட்டவர்களில் பலருக்கு இந்த இருவரில் யார் தேவலை என்று ஒரு எண்ணம் இருந்திருக்கும், சீட்டில் எழுதவில்லை, அவ்வளவே. ஜெயிக்க வாய்ப்புள்ள இருவரில் சகித்துக்கொள்ளக்கூடியவரை ஐந்தாவதாகவாவது போட்டுவையுங்கள். அறவே ஆகாது என்றால் அந்தப் பெயரை எங்குமே குறிக்காதீர்கள்.

2025-இல் வேட்பாளர்களே இதைப் புரிந்துகொண்டு ஆடினார்கள். ஜோஹ்ரான் மம்தானியும் பிராட் லேண்டரும் எதிரெதிரே நின்றுகொண்டே 'எனக்கு அடுத்து அவருக்குப் போடுங்கள்' என்று பரஸ்பரம் சொன்னார்கள். முதல் சுற்றில் 43 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்த மம்தானி, இறுதியில் 56 சதவீதத்தோடு ஆண்ட்ரூ கோமோவை வீழ்த்தினார்.

இலங்கை ஜனாதிபதித் தேர்தலிலும் 1, 2, 3 போடலாம், 2024-இல் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கையும் நடந்தது. ஆனால் அங்கே முதல் இருவரைத் தவிர எல்லோரையும் ஒரே மூச்சில் நீக்கிவிடுவார்கள், ஆகவே கார்சியாபோல மூன்றாவது ஆள் மேலே வர வழியில்லை.

அப்புறம், இதெல்லாம் ஜூன் பிரைமரிக்கும் இடைத்தேர்தலுக்கும் மட்டும். நவம்பர் பொதுத் தேர்தலில் பழைய முறைதான், ஒரே ஒருவரைக் குறித்துவிட்டு வர வேண்டும்.