இசைப் பொறியியலில் முதுகலை: கட்டணம் கட்டுமுன் பாடப் பட்டியலைப் படியுங்கள்

மியூசிக் இன்ஜினியரிங், மியூசிக் டெக்னாலஜி, மியூசிக் புரொடக்‌ஷன், சவுண்ட் ரெக்கார்டிங், ஆடியோ இன்ஜினியரிங். ஐந்து பெயர்கள் இருந்தாலும் படிப்புகள் அடிப்படையில் இரண்டுதான். தவறான படிப்பில் சேர்ந்தவருக்கு அது தெரிய வருவது பெரும்பாலும் முதல் பருவத்தின் நடுவில். அதற்குள் கட்டணத்தில் பாதியாவது கட்டியிருப்பார்.

முதல் வகை, ஒலியைக் கணக்காகவும் நிரலாகவும் கையாளும் படிப்பு. மயாமி பல்கலைக்கழகத்தின் ஃப்ராஸ்ட் இசைப் பள்ளி 1970-களிலிருந்தே 'மியூசிக் இன்ஜினியரிங்' என்ற பெயரில் பாடம் நடத்துகிறது. ஜார்ஜியா டெக், லண்டன் குயின் மேரி, எடின்பரோ, பார்சிலோனாவின் போம்பேயு ஃபாப்ரா ஆகியவையும் இந்தப் பக்கம்தான். இங்கே படித்து முடிப்பவர் ஒலிப்பதிவு மென்பொருளோடு இணையும் ப்ளக்-இன் எழுதுவார், ஸ்பீக்கர் வடிவமைப்பார், இசைச் செயலிகளுக்கு அல்காரிதம் எழுதுவார். இரண்டாம் வகை, ஸ்டுடியோவில் உட்கார்ந்து பதிவு செய்து, மிக்ஸ் செய்து, ஒரு பாடலை முடித்துக் கொடுக்கக் கற்றுத் தரும் படிப்பு. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகம் நடத்தும் சவுண்ட் ரெக்கார்டிங் முதுகலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனில் 'புரொடக்‌ஷன்' என்ற சொல் பெயரில் உள்ள பெரும்பாலான எம்.ஏ., எம்.எஸ்சி. படிப்புகளும் இதில் அடங்கும்.

பட்டத்தின் பெயரை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எம்.எஸ்சி. என்று போட்டிருந்தாலும் உள்ளே முழுக்க மிக்சிங் இருக்கலாம். இணையதளத்தில் சிரித்த முகத்தோடு கன்சோல் முன் நிற்கும் மாணவர் படத்தைத் தாண்டி, பாடப் பட்டியலுக்குப் போங்கள். ஃபூரியர் உருமாற்றம், டிஜிட்டல் ஃபில்டர் வடிவமைப்பு, மேட்லேப் அல்லது பைத்தான், மெஷின் லேர்னிங் ஆகியவை கட்டாயப் பாடங்களாக இருந்தால் அது முதல் வகை. ஸ்டுடியோ நுட்பம், மிக்சிங், தயாரிப்புத் தொகுப்பு என்று இருந்தால் இரண்டாம் வகை. ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீடு எப்படி என்று ஒரு வரி இருக்கும். எழுத்துத் தேர்வு 70 விழுக்காடு என்றால் ஒரு கதை, ஒலிப்பதிவுத் தொகுப்பு 70 விழுக்காடு என்றால் வேறு கதை.

கீபோர்டு நன்றாக வாசிக்கிற, கணிதத்தைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டுவிட்ட ஒருவர் முதல் வகையில் சேர்ந்தால், டிஜிட்டல் ஃபில்டர்களுக்கு அடிப்படையான z-உருமாற்றக் கணிதம் வரும் வாரத்தில் தடுமாறத் தொடங்குவார். பி.இ. முடித்து, சிக்னல் பிராசஸிங்கில் தேர்ந்த ஒருவர் இரண்டாம் வகையில் சேர்ந்தால் சிக்கல் வேறு மாதிரி. ஒரு வயலின் கலைஞரை நான்காவது டேக்குக்கு எப்படித் தயார்ப்படுத்துவது என்பது எந்தப் பாடக்குறிப்பிலும் இருக்காது.

ஒரு விஷயத்தைப் பட்டென்று சொல்லிவிடலாம். புரோ டூல்ஸ், லாஜிக், கியூபேஸ் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள்களைக் கற்றுக்கொள்வதற்காக முதுகலை தேவையில்லை. ஒழுங்காக நடக்கும் ஒரு ஸ்டுடியோவில் ஆறு மாதம் உதவியாளராக இருந்தால் அது வந்துவிடும். முதுகலை தரக்கூடியது வேறு: நல்ல அறைகள், கச்சேரி அரங்கோடு இணைந்த பதிவு வசதி, உங்கள் மிக்ஸைக் கேட்டு எங்கே தவறு என்று தயங்காமல் சொல்லும் காதுகள், ஒலியியலை அடியிலிருந்து படிக்கும் நேரம். இந்தக் கல்விக்கான யோசனையே இசையமைப்பாளர்களிடமிருந்து வந்தது. இசையும் இயற்பியலும் தெரிந்த ஒலிக் கலைஞர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1946-இல் சிகாகோ பல்கலைக்கழக வேந்தருக்குக் கடிதம் எழுதினார். 1949-இல் ஜெர்மனியின் டெட்மோல்டில் இசையையும் ஒலிப்பதிவையும் சேர்த்துக் கற்பிக்கும் 'டோன்மைஸ்டர்' படிப்பு தொடங்கியது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் 1970-இல் அதே பெயரில் இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. இந்த மரபில் வரும் படிப்புகள் இன்றும் இசைக்குறிப்பு வாசிப்பு, கருவி வாசிப்பு இரண்டையும் நுழைவிலேயே சோதிக்கின்றன. மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர் டெட்மோல்டுக்கு விண்ணப்பிப்பது வீண்.

இந்தியாவுக்குள் என்றால் புனே திரைப்படக் கல்லூரி (எஃப்.டி.ஐ.ஐ.), கொல்கத்தா சத்யஜித் ரே திரைப்பட நிறுவனம் இரண்டிலும் பட்டம் முடித்தவர்களுக்கான மூன்றாண்டு ஒலிப் படிப்பு உண்டு. வெளிநாட்டோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஆனால் அவை திரைப்பட ஒலிக்கானவை. லொகேஷன் ஒலி, வசனம், ஃபோலி (காலடி போன்ற ஒலிகளை ஸ்டுடியோவில் உருவாக்குவது), ரீ-ரெக்கார்டிங் (எல்லா ஒலியையும் சேர்க்கும் கடைசி மிக்ஸ்) ஆகியவற்றோடு இசைப்பதிவு ஒரு பகுதியாக மட்டுமே வரும். சென்னை தரமணி திரைப்படக் கல்லூரியின் ஒலிப் படிப்பு இளநிலை.

தொகுப்பு: பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம்

இரண்டாம் வகைப் படிப்புகளில் மதிப்பெண் பட்டியலைவிட உங்கள் ஒலித்தொகுப்புதான் இடம் வாங்கித் தரும். மூன்று அல்லது நான்கு படைப்புகள், மொத்தம் 12 முதல் 15 நிமிடம். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ரெடிமேட் ஒலித்துண்டுகளான லூப்களை அடுக்கிச் செய்த நான்கு பாடல்களைவிட, நீங்களே மைக் வைத்துப் பதிவு செய்த ஒரு மூன்று நிமிடக் கச்சேரித் துண்டு அதிகம் பேசும். தேர்வுக் குழுவுக்கு வேண்டியது நீங்கள் எடுத்த முடிவுகள். ரெடிமேட் லூப்பில் முடிவுகளை எடுத்தவர் வேறொருவர்.

கர்நாடக இசைப் பதிவு இங்கே உங்களுக்குச் சாதகம். அந்தக் குழுவில் உள்ளவர் கடமோ மிருதங்கமோ நூறு முறை கேட்டிருக்க மாட்டார். ஆனால் மோசமான மைக் வேலையைக் கேட்டவுடன் கண்டுபிடித்துவிடுவார். மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். வலந்தலையின் நடுவிலுள்ள கரணைதான் அதன் மேற்சுரங்களை ஒத்திசைவுக்குக் கொண்டுவருகிறது என்பதை சி.வி. ராமன் 1920-லும் பிறகு 1934-லும் எழுதிக் காட்டினார். அந்தத் தெளிவான நாதம் பதிவில் வர வேண்டும். வழக்கமாக இரு தலைக்கும் ஒவ்வொரு மைக், 30 செ.மீ. தள்ளி வைப்பார்கள். வலந்தலையில் விழும் அடி, இடந்தலை மைக்கை அடைய ஏறத்தாழ 60 செ.மீ. கூடுதலாகப் பயணிக்கிறது, அதாவது சுமார் 1.75 மில்லி விநாடி தாமதம். இரண்டு ட்ராக்கையும் கூட்டும்போது 290 ஹெர்ட்ஸ் அருகே ஒலி மெலியும். மிருதங்கத்தின் உடம்பு இருக்கும் இடமே அதுதான். போதாக்குறைக்கு, ஒரு தலையை அடிக்கும்போது அது உள்ளே போகிறது, மறுதலை வெளியே தள்ளப்படுகிறது. ஆகவே கீழ் அதிர்வெண்களில் இரு மைக்குகளும் எதிரெதிர்த் திசையில் ஆடுகின்றன. ஒரு ட்ராக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழ்த் திசையை, திருப்பி, மோனோவில் கேட்டு, எதில் 'தொம்' என்ற இடந்தலை அடிக்குக் கனம் இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஈக்வலைசரில் 300 ஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போவது நாள்தோறும் நடக்கும் தவறு.

சுருதிப் பெட்டியைப் பாடகர் அருகே ஸ்பீக்கரில் ஒலிக்க விடாதீர்கள். அது குரல் மைக்கில் கசியும். பிறகு இரண்டு டேக்குகளை வெட்டி ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் தம்புராவின் மீட்டு தடுக்கி விழும். ஹெட்ஃபோனில் கொடுத்து, தனி ட்ராக்காகப் பதிவு செய்தால் போதும். முழுக் குழுவையும் ஒரே மூச்சில் பதிவு செய்வதானால் ஓ.ஆர்.டி.எஃப். என்ற ஸ்டீரியோ முறை ஒரு நல்ல தொடக்கம்: முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் இரு கார்டியாய்டு மைக்குகள், இடையே 17 செ.மீ., கோணம் 110 பாகை. இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, குழுவை நகர்த்திச் சமன்படுத்துங்கள். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடாமல் கிடைத்த சமநிலை என்று குறிப்பில் எழுத முடிந்தால் அதன் எடை தனி.

அடுத்தது மிக்ஸ் செய்யும் அறை. 10-க்கு 10 அடி படுக்கையறையில் நீளமும் அகலமும் சமம். 3.05 மீட்டருக்கு முதல் அறை அதிர்வு 56 ஹெர்ட்ஸ் அருகே வரும், இரு திசையிலும் ஒரே இடத்தில். நாற்காலியை நட்ட நடுவில் போட்டால் அந்த 56 ஹெர்ட்ஸ் உங்கள் காதில் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். பேஸ் போதவில்லை என்று ஏற்றுவீர்கள், மற்றவர் அறையில் அது முழங்கும். முன்சுவரிலிருந்து நீளத்தின் 38 விழுக்காட்டில் உட்கார்ந்து, மூலைகளில் தடிமனான ராக்வுல் பொதிகளை நிறுத்துங்கள். சுவரில் ஒட்டும் ஒரு அங்குல ஃபோம் இந்த அதிர்வெண்ணை எட்டவே எட்டாது. முடியாதபோது நல்ல ஹெட்ஃபோனில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

ஒலியளவைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சங்களை அமுக்கும் லிமிட்டரில் நசுக்கி மைனஸ் 7 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க உரம் கூடும்) வரை ஏற்றி அனுப்புகிறார்கள். கேட்பவர் எல்லாத் தொகுப்புகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் கேட்பார். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14-க்கு இறக்குவதும் அதேபோலத்தான். சமப்படுத்திய பிறகு நசுங்கிய பாடல் தட்டையாக, களைப்பாகக் கேட்கும். ட்ரூ பீக், அதாவது அலையின் உண்மையான உச்சம், மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். கோப்பை 24-பிட் வேவ் வடிவில் கொடுங்கள்.

ஒவ்வொரு படைப்புக்கும் அரைப்பக்கக் குறிப்பு இணையுங்கள்: எங்கே பதிவு, என்ன மைக், எவ்வளவு தூரம், எது பலிக்கவில்லை, நீங்கள் செய்தது எது, மற்றவர் செய்தது எது. அடுத்தவர் மிக்ஸைத் தன்னுடையது என்று அனுப்பியவரை நேர்காணலில் ஐந்தே நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். மென்பொருளில் அந்த மிக்ஸின் செஷன் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னால் போதும்.

காதும் கணக்கும்

மெக்கில் போன்ற இடங்களில் தொழில்நுட்பக் காதுப் பயிற்சி தனிப் பாடம். சுரம் கண்டுபிடிக்கிற பயிற்சி அல்ல இது. எந்த அதிர்வெண் எவ்வளவு ஏறியிருக்கிறது, ரிவர்ப் எத்தனை விநாடி, உரத்த இடங்களை அமுக்கும் கம்ப்ரஷன் எவ்வளவு வேகமாக விடுவிக்கிறது என்று சொல்லும் பயிற்சி. வீட்டிலேயே தொடங்கலாம். நன்கு தெரிந்த ஒரு பாடலில் 125, 250, 500, 1000, 2000, 4000, 8000 ஹெர்ட்ஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை 12 டெசிபல் ஏற்றச் சொல்லி நண்பரிடம் கொடுங்கள். பத்தில் ஒன்பது சரியாக வந்த பிறகு 6 டெசிபல், பிறகு 3. அதன்பின் ஏற்றத்துக்குப் பதில் இறக்கம். இறக்கத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நாளைக்கு 20 நிமிடம் போதும், அதற்கு மேல் காது சோர்ந்து பொய் சொல்லும்.

அந்தக் காதைக் காப்பாற்றவும் வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்கப் பணிநல நிறுவனமான நியோஷ் வைத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம்தான். தொடர்ந்து காதில் ரீங்காரம் இருந்தால் படிப்புக்கு முன் ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள்.

கணக்கில், இரண்டாம் வகைக்குக்கூட மடக்கை கை வந்திருக்க வேண்டும். திறன் இரட்டித்தால் 3 டெசிபல், மின்னழுத்தம் இரட்டித்தால் 6 டெசிபல் ஏன் என்பதைத் தாளில் எழுதிக் காட்ட முடிய வேண்டும். ஒரே ஒலி 1 மில்லி விநாடி தாமதத்தோடு தன்னுடனே கூடினால் எந்தெந்த அதிர்வெண்களில் பள்ளம் விழும்? 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று யோசிக்காமல் வந்தால் நல்லது. முதல் வகைக்கு இதோடு கலப்பு எண்கள், நேரியல் இயற்கணிதம், ஏதாவது ஒரு நிரல்மொழி.

ஓராண்டு என்பது எவ்வளவு

பிரிட்டனில் முதுகலை 180 கிரெடிட், ஓராண்டு. செப்டம்பரில் தொடங்கும் வகுப்புகள் ஏப்ரல், மே மாதத்தில் முடிந்துவிடும். மீதிக் கோடை 60 கிரெடிட் ஆய்வேட்டுக்கு. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 'ஒரு ஆல்பம் செய்யப் போகிறேன்' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. எந்த மைக் முறை வீணையின் மீட்டைக் கேட்பவர்களுக்கு நெருக்கமாகக் காட்டுகிறது என்பது கேள்வி. அதற்குக் கேட்புச் சோதனை வேண்டும், மனிதர்களை வைத்துச் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கே வாரங்கள் ஆகும். மே மாதம் தலைப்பு யோசித்தால் ஆகஸ்டில் முடியாது.

நம் இசையில் தலைப்புத் தேடுவோர், போம்பேயு ஃபாப்ராவில் சேவியர் செர்ரா தலைமையில் நடந்த காம்ப்மியூசிக் திட்டத்தைப் பாருங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸும் அதில் பங்கேற்றது. கர்நாடக இசைப் பதிவுகளின் தரவுத்தொகுப்பு ஆய்வுக்குத் திறந்து கிடக்கிறது. ராக அடையாளம், மிருதங்கச் சொல் பிரிப்பு இரண்டிலும் செய்ய இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

பிரிட்டன் மாணவர் விசாவுக்கு முதலாண்டு மீதிக் கட்டணத்தோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருக்க வேண்டும். 27-ஆம் நாள் ஒரு நாளைக்குத் தொகை குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். பாடவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல 2024 ஜனவரி முதல் அனுமதி இல்லை. படிப்பு முடிந்தபின் தங்கும் அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. ஏஜென்ட்கள் சொல்லாத சங்கதி இதற்கு அடுத்தது: அங்கே ஸ்டுடியோ வேலை பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ். ஃப்ரீலான்ஸ் வேலைக்கு யாரும் விசா ஸ்பான்சர் செய்வதில்லை. மென்பொருள், கருவி வடிவமைப்பு நிறுவனங்களில் நிரந்தர வேலை உண்டு, அதற்கு முதல் வகைப் படிப்பு. கடன் வாங்கிப் போய் அங்கேயே சம்பாதித்து அடைக்கலாம் என்று திட்டமிடுபவர் இதை எடைபோட்டுவிட்டு வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இடம் கிடைத்ததும், முன்பணம் கட்டுமுன், படிப்பின் பொறுப்பாசிரியருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ? கோடை முழுவதும் இரவிலும் திறந்திருக்குமா? 20 பேர் அமர்ந்து வாசிக்கும் பதிவுக்கூடம் உண்டா, அங்கிருந்து கன்ட்ரோல் அறைக்கு நிரந்தரக் கேபிள் போடப்பட்டிருக்கிறதா? இசைக் கல்லூரி மாணவர்களைப் பதிவு செய்ய ஏற்பாடு இருக்கிறதா, நாமே தேடிப் பிடிக்க வேண்டுமா? தலைக்கு மேலும் ஸ்பீக்கர்கள் உள்ள 7.1.4 அட்மாஸ் அறை இருந்தால் அது முதுகலை மாணவர்களுக்கும் உண்டா, ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டுமா? கடந்த ஆண்டு ஆய்வேட்டுத் தலைப்புகளை அனுப்ப முடியுமா? எண்களோடும் தலைப்புகளோடும் பதில் வந்தால் நம்பிப் பணம் கட்டலாம். சேர்க்கைப் பிரிவிலிருந்து விளம்பரக் கையேட்டின் வாசகங்களே திரும்பி வந்தால், அதே கேள்விகளை இப்போது அங்கே படிக்கும் ஒரு மாணவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.