கேப்டன் விலகிய பிறகும் ஓய்வறையில் இருக்கிறார்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, சென்னை லீக்கில் ஆடும் ஒரு கிரிக்கெட் அணியின் செயலாளர், விளையாட்டு அணிகளுக்கு மனநல ஆலோசனை தரும் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்றதையடுத்து, அணியின் கேப்டன் முந்தைய வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் மூன்று வரி எழுதிப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். பதிலுக்கு வரிசையாகக் கும்பிடு குறிகள் வந்தன. யாரும் அவரைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. மறுநாள் காலையே துணை கேப்டனைக் கேப்டனாக அறிவித்தாகிவிட்டது. “புது கேப்டனைப் போட்டாச்சு சார், ஆனா பசங்க ஒட்ட மாட்டேங்குறாங்க” என்றார் செயலாளர். யாருடைய அடையாளமும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தேன். புதிய கேப்டன் ஓர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். முன்னாள் கேப்டனைவிட நான்கு வயது இளையவர். பந்துவீச்சாளருக்கு அருகே மிட்-ஆஃபில் நின்றவரைச் சற்றுப் பின்னால் போகும்படி அவர் கையைக் காட்டினார். நின்றவர் உடனே நகரவில்லை. அவருடைய பார்வை, விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் முதல் ஸ்லிப்பில் நின்ற முன்னாள் கேப்டன் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. அதன் பிறகே கால் நகர்ந்தது. முன்னாள் கேப்டனோ தரையைப் பார்த்தபடி, ஷூ நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். வேகப்பந்து வீச்சாளரும், விக்கெட் கீப்பரும்கூட ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு முறையாவது அந்தப் பக்கம் பார்த்தார்கள். பந்துவீச்சு மாற்றம் ஒவ்வொன்றும் அரை நிமிடம் தாமதமாகியது.

தேநீர் இடைவேளையில் இளம் வீரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “அண்ணா கோவமா இருக்காரு சார், அதான் யார்கிட்டயும் பேசல” என்றார். மாலையில் அதே ‘அண்ணா’விடம் தனியாகப் பேசியபோது அவர் சொன்னது முற்றிலும் வேறாக இருந்தது. புதியவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது, தான் வாயைத் திறந்தால் பழைய கேப்டன் ஆட்டிவைக்கிறான் என்று பேச்சு வரும், அதனால் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். நல்லெண்ணத்தில் அவர் காத்த மௌனத்தை அணி கோபமாகப் படித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கேப்டனின் விலகல் அணியை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். மற்றப் பல குழு விளையாட்டுகளில் பெரும்பாலான முடிவுகளைப் பயிற்சியாளர் எடுக்கிறார். கிரிக்கெட்டில் டாஸிலிருந்து, இன்னிங்ஸை முடித்துக்கொள்ளும் டிக்ளேர் வரை, பந்துவீச்சு மாற்றம், பீல்டிங் அமைப்பு, நடுவரின் முடிவை எதிர்த்து ரிவ்யூ கேட்பது எனப் பந்துக்குப் பந்து முடிவெடுப்பவர் களத்துக்குள்ளேயே நிற்கும் கேப்டன். அதனால் பதினோரு பேரின் கண்களும் நாள் முழுவதும் ஒருவரை நோக்கிப் பழகியிருக்கின்றன. அவர் விலகினால் பெரும்பாலும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. சாதாரண வீரராக அதே ஓய்வறையில், அதே ஸ்லிப்பில் தொடர்கிறார். பதவி ஒரே இரவில் கைமாறிவிடும். கண்களின் பழக்கம் மாற வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களை யாரும் திட்டமிடுவதில்லை என்பதே என் அனுபவத்தில் கண்ட பெரிய குறை.

நம் ஊர் ரசிகர்கள் இதை மிக அருகில் பார்த்தது 2022 ஐபிஎல் தொடரில். மார்ச் 24 அன்று, தொடரின் முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, சென்னை சூப்பர் கிங்ஸின் கேப்டன் பொறுப்பை தோனி விட்டுக்கொடுக்க, ரவீந்திர ஜடேஜா ஏற்றார். ஜடேஜா அதுவரை ஐபிஎல்லில் எந்த அணிக்கும் தலைமை தாங்கியதில்லை. முதல் நான்கு ஆட்டங்களிலும் அணி தோற்றது. நெருக்கடியான கடைசி ஓவர்களில் தோனியே பீல்டிங் அமைப்பதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். கேப்டன் உண்மையில் யார் என்று வர்ணனையாளர்களும் கேட்டார்கள். எட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளுக்குப் பிறகு, ஏப்ரல் 30 அன்று, தன் ஆட்டத்தில் கவனம் செலுத்த விரும்புவதாகக் கூறி ஜடேஜா பொறுப்பைத் தோனியிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்த எட்டு ஆட்டங்களில் ஜடேஜா எடுத்தது 112 ரன்களும் 5 விக்கெட்டுகளும்தான். உலகின் மிகச் சிறந்த பீல்டர்களில் ஒருவரான அவர் கைகளிலிருந்து கேட்சுகளும் நழுவின. ரன் குறைவதைவிட இந்தக் கேட்சுகள்தான் தொழில்முறையில் என் கவனத்தை ஈர்த்தன. மட்டைவீச்சு சரிவதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். கண் மூடிப் பிடிக்கக்கூடிய கேட்ச் நழுவுகிறதென்றால், பந்து வரும் நேரத்தில் மனம் அடுத்த ஓவரை யாருக்குக் கொடுப்பது என்ற கணக்கில் இருந்திருக்கக்கூடும். பொறுப்பைத் திரும்ப ஏற்ற பின் தோனியும், கேப்டன் சுமை ஜடேஜாவின் ஆட்டத்தைப் பாதித்ததாகவும், டீப் மிட்விக்கெட்டில் நிற்கும் மிகச் சிறந்த பீல்டரை இழக்க அணிக்குக் கட்டுப்படியாகாது என்றும் வெளிப்படையாகப் பேசினார். முதல் இரண்டு ஆட்டங்களில் மட்டும் உடனிருந்து வழிகாட்டியதாகவும், அதன் பிறகு முடிவுகளை ஜடேஜாவிடமே விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தோனி அருகில் இருந்ததும் அக்கறைதான். விலகி நின்றதும் அக்கறைதான். ஆனால் பல ஆண்டுகள் ஒரே முகத்தைப் பார்த்துப் பழகிய ஓய்வறை, அந்த முகம் அங்கேயே இருக்கும்போது, இரண்டு ஆட்டங்களில் வேறொருவர் பக்கம் திரும்பிவிடும் என எதிர்பார்ப்பது கடினம். பழைய கேப்டன் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. மே 1 அன்று தோனி தலைமையில் ஐதராபாத்தை 13 ரன்களில் வென்றாலும், அந்த ஆண்டு 14 ஆட்டங்களில் நான்கே வெற்றிகளோடு அணி ஒன்பதாம் இடத்தில் முடித்தது. ஜடேஜா சில நாட்களிலேயே விலா எலும்புப் பகுதியில் ஏற்பட்ட காயத்தால் தொடரிலிருந்து வெளியேறினார். அடுத்த ஆண்டு அகமதாபாத் இறுதிப் போட்டியில், கடைசி இரண்டு பந்துகளில் பத்து ரன் தேவைப்பட்டபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது கோப்பையைப் பெற்றுத்தந்தவர் அதே ஜடேஜாதான். பொறுப்பை விட்டவரின் திறமை எங்கும் போய்விடவில்லை. 2024இல் ருதுராஜ் கெய்க்வாட்டிடம் பொறுப்பு போனபோதும் அறிவிப்பு தொடருக்கு முந்தைய நாள்தான் வந்தது. ஆனால் அவர் அதற்கு முன்பே மகாராஷ்டிர அணிக்கும், 2023 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்கும் தலைமை தாங்கியிருந்தார்.

நன்றாகக் கைமாறிய ஒரு பொறுப்பையும் சொல்ல வேண்டும். அதே 2022 ஏப்ரலில், இங்கிலாந்தின் டெஸ்ட் கேப்டன் ஜோ ரூட் விலகினார். 64 டெஸ்டுகளுக்குத் தலைமை தாங்கி, இங்கிலாந்து கேப்டன்களிலேயே அதிகமாக 27 வெற்றிகளைப் பெற்றவர். ஆனால் கடைசி 17 டெஸ்டுகளில் அணி வென்றது ஒன்றே ஒன்று. அவருக்குப் பின் வந்த பென் ஸ்டோக்ஸ், பொறுப்பேற்ற அறிவிப்பிலேயே ரூட்டுக்கு நன்றி கூறி, தன் பணியில் அவர் முக்கியத் துணையாக இருப்பார் என்றார். விரைவில் இன்னொன்றையும் தெளிவாக்கினார்: மட்டைவீச்சு வரிசையில் மூன்றாம் இடத்துக்கு ஏறியிருந்த ரூட், தனக்குப் பழகிய நான்காம் இடத்துக்கே திரும்புவார். ஓய்வறையில் இனி நீ யார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை ஒரு முன்னாள் கேப்டனுக்குக் கொடுத்துவிட முடியாது.

ஜூன் மாதம் லார்ட்ஸில் நியூசிலாந்துக்கு எதிராக 277 ரன் இலக்கைத் துரத்தியபோது ரூட் ஆட்டமிழக்காமல் 115 ரன் எடுத்து, அதே இன்னிங்ஸில் பத்தாயிரம் டெஸ்ட் ரன்களையும் கடந்தார். கேப்டன் பொறுப்பு தன் உடல்நலத்தைப் பாதிக்கத் தொடங்கியிருந்ததாகவும், அதை மைதானத்திலேயே விட்டுவிட்டு வர முடியாமல் வீட்டுக்கும் சுமந்து வந்ததாகவும், அது குடும்பத்துக்கும் தனக்கும் நியாயமாக இல்லை என்றும் அப்போது மனம் திறந்து சொன்னார். அந்தக் கோடைக்காலத்தில் இங்கிலாந்து 7 டெஸ்டுகளில் 6இல் வென்றது. புதிய பயிற்சியாளர் பிரெண்டன் மெக்கல்லத்துக்கும் ஸ்டோக்ஸின் துணிச்சலுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் விலகியவர் உடைந்துபோகாமல் அந்த அணிக்குள்ளேயே மலர்ந்தார் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இதற்கு நேர்மாறானது ஆஸ்திரேலியாவின் கிம் ஹியூஸுக்கு நேர்ந்தது. 1984 நவம்பரில் பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்ற பின், விலகல் அறிக்கையைச் செய்தியாளர்கள் முன் வாசிக்கத் தொடங்கியவர் கண்ணீர் பெருகி முடிக்க முடியாமல் வெளியேறினார். மீதியை அணி மேலாளர் வாசித்தார். அடுத்த இரண்டு டெஸ்டுகளிலும் அவரை ஆட வைத்தார்கள். நான்கு இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தது மொத்தம் 2 ரன். பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. அவரைத் தொடர்ந்த ஆலன் பார்டர் ஒரு வலுவான அணியைக் கட்டி எழுப்பச் சில ஆண்டுகள் பிடித்தன. அவ்வளவு பெரிய இழப்பைப் பொதுவெளியில் சந்தித்த மனிதருக்கு ஓய்வு தேவையா, பேச ஆள் தேவையா என்று கேட்பது அன்றைய வழக்கத்தில் இல்லை. இன்று அந்தச் சாக்கைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

என்னை அழைக்கும் அணிகளிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, விலகல் செய்தியை எழுத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பதைத்தான். விலகுபவர் வீரர்கள் முன் நின்று பத்து நிமிடமாவது பேச வேண்டும். ஏன் விலகுகிறேன், இனி களத்தில் நான் என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவருக்கு அணிக்குள் குறிப்பிட்ட ஒரு வேலையைப் புதிய கேப்டனே தன் வாயால் கொடுக்க வேண்டும். செயலாளரோ பயிற்சியாளரோ கொடுத்தால் அது சலுகைபோல ஆகிவிடுகிறது. முதல் சில வாரங்களுக்கு வெற்றி தோல்வியை வைத்துப் புதியவரை எடைபோடாமல் இருக்க நிர்வாகம் உறுதி எடுக்க வேண்டும். நம் கிளப்புகளில் மிகக் கடினமாக இருப்பது இதுதான்.

விலகியவரைக் கவனிக்க வேண்டும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தூக்கம் கெடுவது, வலைப்பயிற்சிக்குக் கடைசியாக வந்து முதலில் கிளம்புவது, அணியோடு சாப்பிட உட்காராமல் இருப்பது, சின்னக் காயத்தைப் பெரிதாகச் சொல்லி ஒதுங்குவது, வழக்கத்துக்கு மாறாக எல்லாவற்றுக்கும் சிரித்துவைப்பது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது வெறும் வருத்தம் என்று விட்டுவிடக் கூடாது. அருகில் மனநல நிபுணர் கிடைக்காத ஊர்களில், அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம்.

நான் பார்த்த அந்த அணியில், புதிய கேப்டனும் முன்னாள் கேப்டனும் என் முன்னிலையில் முக்கால் மணி நேரம் பேசினார்கள். முதல் இருபது நிமிடம் இருவரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். பிறகு இளையவர், “அண்ணா, ஸ்லிப்ல நிக்குறவங்களை நீங்க பாத்துக்கோங்க. பீல்டிங் மாத்துறதா இருந்தாலும் உங்களைத்தான் முதல்ல கேப்பேன். பௌலிங் மாத்துறதை மட்டும் என்கிட்ட விட்டுடுங்க” என்றார். பெரியவர் தலையசைத்தார். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் அவர் அணியின் முன் நின்று பேசினார்; குரல் ஓரிரு இடத்தில் தடுமாறியது. அதன் பிறகும் அவர்கள் இரண்டு ஆட்டங்கள் தோற்றார்கள். ஆனால் மிட்-ஆஃபில் நின்றவர் ஸ்லிப்பைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். அந்த ஆண்டு அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தது.

கடைசிச் சந்திப்பில் முன்னாள் கேப்டன் ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. “போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொண்ணைக் கூட்டிட்டு பீச்சுக்குப் போனேன் சார். நாலு வருஷமா அந்த நேரத்துக்கு நான் டீம் லிஸ்ட்தான் போட்டுட்டு இருப்பேன்” என்றார்.