நேற்றுச் சேர்த்த பெயர் இன்று எங்கே போனது?

ஓர் அலுவலகத்தின் கோப்பு சர்வரில் பேக்கப் எடுப்பதற்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்கு நிர்வாகி அந்தக் கணக்கை சர்வரில் முழு உரிமை உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் தம் கையால் சேர்க்கிறார். அன்றிரவு பேக்கப் ஒழுங்காக முடிகிறது. மறுநாள் இரவு அதே வேலை, அனுமதி இல்லை என்ற செய்தியுடன் பாதியில் நின்றுவிடுகிறது. குழுவைத் திறந்து பார்த்தால் கணக்கைக் காணோம். மீண்டும் சேர்க்கிறார், மீண்டும் மறைகிறது. இத்தகைய நிலையில் சந்தேகம் முதலில் சக ஊழியர்கள் மேல்தான் விழும்.

சந்தேகத்தைத் தீர்க்க சர்வரின் பாதுகாப்புப் பதிவேட்டைப் பார்ப்பதே நேர்வழி. விண்டோஸ் சர்வரில் உள்ளூர்க் குழு, அதாவது அந்தக் கணினிக்கு மட்டுமே உரிய குழு, ஒன்றில் ஒருவரைச் சேர்த்தால் 4732 என்ற எண்ணுடனும், நீக்கினால் 4733 என்ற எண்ணுடனும் ஒரு நிகழ்வு பதிவாகும். நீக்கியவர் யார் என்ற இடத்தில் ஒரு ஊழியரின் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-18 என்ற அடையாள எண்ணும், அதனருகே அந்த சர்வரின் பெயரே டாலர் குறியோடும் இருந்தால், நீக்கியது மனிதர் அல்லர். அது இயங்குதளத்தின் சொந்தக் கணக்கு. அதாவது, சர்வர் தன் உறுப்பினரைத் தானே வெளியேற்றியிருக்கிறது. பெரும்பாலும் மேலிடத்திலிருந்து வந்த ஓர் ஆணைக்குக் கீழ்ப்படிந்துதான்.

அந்த மேலிடம் ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் 2000 பதிப்போடு வந்த இந்தக் கோப்பகச் சேவை, ஒரு நிறுவனத்தின் கணினிகளையும் பயனர்களையும் டொமைன் என்ற ஒரே குடையின்கீழ் கொண்டுவருகிறது. கூடவே வந்த குரூப் பாலிசி என்னும் கொள்கை முறை, நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விதிகளை அனுப்புகிறது. அந்த விதிகளில் ஒரு பிரிவுக்கு ரெஸ்ட்ரிக்டட் குரூப்ஸ், அதாவது கட்டுப்படுத்தப்பட்ட குழுக்கள், என்று பெயர். எந்தக் குழுவில் யார் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது இதுதான்.

இதில் இரண்டு பெட்டிகள் உண்டு. குழப்பத்தில் பாதி இவற்றிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் பெட்டி, ‘இந்தக் குழுவின் உறுப்பினர்கள்’ யார் என்று கேட்கிறது. இதில் எழுதப்படும் பட்டியல் முழுமையானது என்று கணினி எடுத்துக்கொள்ளும். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளையை எழுப்பி வெளியே அனுப்பும் ஆசிரியரைப் போல, பட்டியலில் இல்லாத ஒவ்வொரு கணக்கையும் அது நீக்கிவிடும். பெட்டியைக் காலியாக விட்டாலோ குழுவே காலியாகிவிடும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் மட்டும், இயங்குதளத்தோடு பிறந்த, 500 என்று முடியும் அடையாள எண் கொண்ட அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு தப்பிக்கும். இரண்டாவது பெட்டியோ, ‘இந்தக் குழு எந்தக் குழுக்களில் உறுப்பினர்’ என்று கேட்கிறது. இது சேர்க்க மட்டும் செய்யும், இருப்பவர்களைத் தொடாது. காலியாக விட்டாலும் ஒன்றும் நேராது. ஒரே திரையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பெட்டிகளில் வெறுமைக்கு இப்படி எதிரெதிரான பொருள் வைத்தது நல்ல வடிவமைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியென்றால், முதல் நாள் இரவு பேக்கப் ஏன் ஓடியது? டொமைனில் உள்ள சர்வர்கள் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை கொள்கையைச் சரிபார்க்கின்றன. எல்லாம் ஒரே நொடியில் முட்டிமோதக் கூடாது என்பதற்காக அதனுடன் 30 நிமிடம் வரை தற்செயலாக ஒரு தாமதம் கூட்டப்படுகிறது. டொமைனை நிர்வகிக்கும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்களுக்கு இந்த இடைவெளி 5 நிமிடம்தான். ஆனால் சரிபார்ப்பது வேறு, செயல்படுத்துவது வேறு. கொள்கையில் மாற்றம் ஏதும் இல்லையென்றால் பாதுகாப்பு விதிகள் ஒவ்வொரு முறையும் மறுபடி எழுதப்படுவதில்லை. மாற்றம் இல்லாவிட்டாலும் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை அவை கட்டாயமாக எழுதப்படும். மாலையில் சேர்த்த கணக்கு இரவைத் தாண்டி, பெரும்பாலும் மறுநாள் முற்பகலுக்குள் மறைவதற்கு இந்த 16 மணி நேரமே காரணம். இடையில் வேறொருவர், கடவுச்சொல் நீளம் போன்ற தொடர்பற்ற பாதுகாப்பு விதி ஒன்றை மாற்றினாலும், அந்த சர்வருக்கான பாதுகாப்பு விதிகள் அனைத்தும் மறுபடி எழுதப்படும். அப்போது மறைவு இன்னும் முன்னதாகவே நிகழும். நேரம் மாறி மாறி நடப்பதால்தான் இந்தக் கோளாறு பேய் வேலை போலத் தோன்றுகிறது.

ஆகவே, சோதிக்கும்போது 16 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் என்ற சொல்லோடு சேர்த்து இயக்கினால், எல்லா விதிகளும் அப்போதே மறுபடி எழுதப்படும். அந்த நிமிடமே பெயர் மறைந்தால் குற்றவாளி கொள்கைதான் என்பது உறுதியாகும். எந்தக் கொள்கை என்பதை ஜிபிரிசல்ட் கட்டளை தரும் அறிக்கை காட்டும். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே குழுவுக்கு இரண்டு கொள்கைகள் உறுப்பினர் பட்டியல் வைத்திருந்தால், கணினி இரண்டையும் கூட்டிக்கொள்ளாது. முன்னுரிமை உள்ள ஒன்று மட்டும் வெல்லும், மற்றதை முற்றிலும் மறந்துவிடும். பொதுவாக டொமைன் அளவில் இணைத்த கொள்கையைவிட, டொமைனுக்குள் அந்தக் கணினி வைக்கப்பட்டிருக்கும் உட்பிரிவான நிர்வாகப் பிரிவில் இணைத்த கொள்கைக்கே முன்னுரிமை. மேலே உள்ளதைக் கட்டாயமாக்கியிருந்தால் இது தலைகீழாகும்.

இதற்கு நேர்மாறான புகாரும் உண்டு: கொள்கையில் எழுதிய பெயர் குழுவில் வந்து சேரவே இல்லை. ஜிபிரிசல்ட் அறிக்கையில் அந்தக் கொள்கை மறுக்கப்பட்டவற்றின் வரிசையில் இருந்தால், காரணம் அநேகமாக வடிகட்டல்தான். கட்டுப்படுத்தப்பட்ட குழுக்கள் என்பது கணினிக்கான விதி, பயனருக்கானது அன்று. ஒரு கொள்கை யாருக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் பாதுகாப்பு வடிகட்டியில் பயனர் குழுவை மட்டும் வைத்துவிட்டு விதி ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம். அங்கே இடம்பெற வேண்டியது கணினியின் கணக்கு. அந்தக் கணினியை ஒரு குழு வழியாகச் சேர்த்திருந்தால், அதை ஒருமுறை மறுதொடக்கம் செய்வது நல்லது. தான் எந்தக் குழுக்களில் இருக்கிறோம் என்பதைக் கணினி வழக்கமாகத் தொடங்கும்போதுதான் தெரிந்துகொள்கிறது.

கொள்கை வந்துசேர்ந்தும் பாதியில் நின்றுபோயிருந்தால், அப்ளிகேஷன் பதிவேட்டில் எஸ்சிஇகிளை (SceCli) என்ற பெயரில் 1202 என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு 0எக்ஸ்534 என்ற பிழை எண்ணும் இருந்தால், கொள்கையில் எழுதப்பட்ட பெயருக்கு உரிய கணக்கைக் கணினியால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். விண்டோஸ் உள்ளுக்குள் பெயர்களை நம்புவதில்லை; எஸ்.ஐ.டி. எனப்படும் நீண்ட அடையாள எண்ணையே நம்புகிறது. உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவின் எண் உலகெங்கும் எஸ்-1-5-32-544 தான். ஜெர்மன் மொழிப் பதிப்பில் அதே குழுவுக்கு அட்மினிஸ்ட்ராட்டோரன் என்று பெயர். கொள்கையில் எண்ணுக்குப் பதிலாக ஆங்கிலப் பெயர் எழுத்தாகவே பதிவாகியிருந்தால், ஜெர்மன் சர்வர் அப்படி ஒரு குழு தன்னிடம் இல்லை என்றுதான் சொல்லும். பணியிலிருந்து விலகியவரின் கணக்கை அழித்துவிட்டு, கொள்கையில் அவர் பெயரை நீக்க மறந்தாலும் இதே பிழை வரும். எந்தப் பெயர் சிக்கல் தருகிறது என்பதை அறிய, ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளத்தில் விரிவான பதிவை இயக்கிவிட்டு, விண்டோஸ் கோப்புறையின் பாதுகாப்புப் பகுதியில் உருவாகும் வின்லாகான் பதிவுக் கோப்பில், கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள்படும் ஆங்கில வரியைத் தேட வேண்டும். கிடைக்காத பெயர் அந்த வரியிலேயே இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் பயனர் மட்டும் அனுமதி கிடைக்கவில்லை என்பார். பயனர் உள்நுழையும்போது, அவர் எந்தெந்தக் குழுக்களைச் சேர்ந்தவர் என்ற விவரம் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டில் எழுதப்படுகிறது. உள்நுழைந்த பிறகு செய்யும் மாற்றங்கள் அந்தச் சீட்டில் ஏறாது. வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். ஹூஆம்ஐ கட்டளையைக் குரூப்ஸ் என்ற சொல்லோடு இயக்கினால், சீட்டில் உள்ளது அப்படியே திரையில் தெரியும். அதில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவின் அருகே, மறுப்பதற்கு மட்டும் பயன்படும் என்ற குறிப்பு இருந்தால் உறுப்பினர் உரிமை உண்டு, ஆனால் கட்டளைச் சாளரம் நிர்வாகிக்குரிய உயர்ந்த உரிமையோடு திறக்கப்படவில்லை என்பதே பொருள்.

கடைசியாக, கொள்கையை எங்கே இணைக்கிறோம் என்பது. டொமைன் கன்ட்ரோலர்களுக்கு மற்ற சர்வர்களைப் போலத் தனித்தனி உள்ளூர்க் குழுக்கள் கிடையாது. அவை எல்லாம் கோப்பகத்தில் உள்ள ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவைப் பகிர்ந்துகொள்கின்றன. சாதாரண சர்வர்களுக்கென்று எழுதிய உறுப்பினர் பட்டியலை அவசரத்தில் டொமைனின் உச்சியில் இணைத்துவிட்டால், அந்தப் பொதுக் குழுவே திருத்தி எழுதப்பட்டு, பட்டியலில் இல்லாத எண்டர்பிரைஸ் அட்மின்ஸ் என்னும் உயர் நிர்வாகிகள் குழு உட்பட எல்லோரும் வெளியேற்றப்படக்கூடும். டொமைன் கன்ட்ரோலர்களின் 5 நிமிட இடைவெளியை நினைத்துப் பார்த்தால், பிழையை உணர்ந்து திருத்துவதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட இல்லை. பேக்கப் கணக்கைப் பொறுத்தவரை, அதை ஒரு டொமைன் குழுவில் வைத்து, அந்தக் குழுவை இரண்டாவது பெட்டி வழியாக, சர்வர்கள் மட்டும் இருக்கும் நிர்வாகப் பிரிவில் இணைத்த கொள்கையில் எழுதலாம். பழைய கொள்கையின் முதல் பெட்டியில் பட்டியல் இன்னும் இருந்தால் அதை முதலில் அகற்ற வேண்டும்.