கடைத்தொகுதி கட்ட வரும் தம்பிமாருக்கு

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சற்று முன், கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த இளைஞர் ஒருவர் என் அலுவலக மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். கல்லடிப் பக்கம், பிரதான வீதியைப் பார்த்த 18 பேர்ச் வளவு. கீழே ஆறு கடைகள், மேல்மாடியில் வங்கிக் கிளைக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ ஏற்ற மண்டபம், அதற்கும் மேலே தனியார் கல்வி நிலையம். முகப்புக் கண்ணாடியின் நிறம்வரை முடிவாகியிருந்தது. "வங்கிக் கடனுக்கு ஈட்டு உறுதியை மட்டும் எழுதித் தந்தால் போதும் மிஸ், மற்றதெல்லாம் தயார்" என்றார்.

வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு உறுதியை, அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தைக் கேட்டேன். மனைவியின் பெயரில் எழுதப்பட்ட சீதன உறுதி. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரேயொரு வரி: நன்கொடை அளிக்கும் தாயார் தமது சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமையைத் தமக்கென ஒதுக்கி வைத்துக்கொள்கிறார். திருமணமாகி ஒன்பது வருடங்கள் அந்த உறுதி அலுமாரியில் இருந்திருக்கிறது. கணவனும் வாசிக்கவில்லை, மனைவியும் வாசிக்கவில்லை.

மட்டக்களப்பில் நொத்தாரிசாக இருபது ஆண்டுகளுக்கு மேல் உறுதி எழுதி வருகிறேன். வர்த்தகக் கட்டடம் கட்டி வாடகைக்கு விடுவதையோ விற்பதையோ தொழிலாகக் கொண்டவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். வன்பொருள் கடையில் தொடங்கியவர், கொந்தராத்துக்காரராக இருந்தவர், வெளிநாட்டு உழைப்போடு வந்தவர் என்று பலவகை. கட்டத் தெரியாமல் இதில் விழுந்த எவரையும் நான் காணவில்லை. நல்ல மேசனும் பொறியியலாளரும் இந்த ஊரில் கிடைப்பார்கள். விழுந்தவர்கள் எல்லோரும் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே, கடதாசியிலும் கணக்கிலும் விழுந்தவர்கள்.

எங்கள் பகுதிக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடும் வளவும் பெண் வழியே போகின்றன. தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கிறாள், மருமகன் அந்த வீட்டுக்கு வருகிறான். இது எங்கள் பெண்களுக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதைப் போருக்குப் பிறகு கணவனை இழந்தவர்களுக்கு உறுதி எடுத்துக் கொடுத்தபோது நேரிலே கண்டேன். அதனால்தான் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது: கட்டட யோசனையோடு வருபவர் பெரும்பாலும் ஆண், காணிச் சொந்தக்காரி பெரும்பாலும் அவருடைய மனைவி, அந்தக் காணியில் வாழும் உரிமை இன்னும் மாமியிடம். மூவரில் ஒருவர்தான் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

சீவிய உரித்து வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்வரை அந்தக் காணியை அனுபவிக்கவும் அதன் வருமானத்தை எடுக்கவும் உரித்துடையவர். ஆறு கடை கட்டினாலும் அந்த வாடகையைக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. இது தெரிந்துதான், அவர் சீவிய உரித்தைத் துறக்காமலோ ஈட்டு உறுதியில் ஒரு தரப்பாகச் சேராமலோ வங்கி பணம் தராது. துறக்கச் சொல்வது சுலபம். ஆனால் அந்தக் கையொப்பத்தோடு ஒரு வயதான பெண்ணின் கடைசிப் பிடிமானம் போகிறது என்பதை எழுதுகிற நான் மறக்கக்கூடாது, எழுதக் கேட்கிற நீங்களும் மறக்கக்கூடாது.

அடுத்தது, காணி வாங்கிக் கட்டுபவர்களுக்கு. காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு, எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. உறுதியைப் பதிவதும் அதேயளவு முக்கியம். ஒரே காணிக்கு இரண்டு உறுதி இருந்தால், பெறுமதி கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவரே பெரும்பாலும் முந்துகிறார். ஆகவே காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டு வரலாற்றைத் தேடாமல் ஒரு ரூபாய்கூட முற்பணம் கொடுக்காதீர்கள். சுனாமியிலோ இடப்பெயர்விலோ உறுதி தொலைந்தது என்று விற்பவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த உறுதியின் இரண்டாம் பிரதி பதிவகத்தில் இருக்க வேண்டும். அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

விலை சந்தையைவிட மிகவும் குறைவாக இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்துக் குடியேற்றங்களிலும் பல அரச காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ கொடுக்கப்பட்டவை. அவற்றைத் தனியார் உறுதிக் காணி போல நினைத்தபடி விற்க முடியாது, பிரதேச செயலகத்தின் வழியாக முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வேண்டும். வயற்காணி என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கிறது: கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்புவதும் அதில் கட்டுவதும் குற்றம். "எல்லோரும் கிரவல் போட்டு நிரப்புகிறார்கள்தானே" என்பார்கள். எல்லோருடைய நிரப்பலும் சேர்ந்துதான் மாரிவெள்ளத்தைப் பக்கத்து வீட்டுக்குள் அனுப்புகிறது.

பல வருடம் வெறுமையாகக் கிடந்த காணிகள் இன்னொரு வகை. 1990இல் ஊரைவிட்டு ஓடியவர்களின் வளவுகளில் வேறு ஆட்கள் குடியிருந்து, பத்து வருடம் தொடர்ந்து ஆட்சியில் வைத்திருந்ததால் காணி தமக்கே சொந்தம் என்று உறுதி முடித்து விற்க வருகிறார்கள். போர் காரணமாகத் தம் காணிக்கு உரிமை கோர முடியாதவர்களுக்காக 2016இல் வந்த விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. ஆட்சி உறுதியை மட்டும் நம்பி நான்கு மாடி எழுப்பாதீர்கள். அந்த வளவை விட்டு ஓடியவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

வெளிநாட்டு உறவுகளோடு பங்குக்குச் சேர்ந்து கட்டுவோர் இப்போது பெருகியிருக்கிறார்கள். இலங்கைக் குடியுரிமையை இழந்து, இரட்டைக் குடியுரிமையும் பெறாதவருக்கு, சில விலக்குகள் தவிர, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணியை உரித்து மாற்ற முடியாது. ஐம்பது வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கும் அப்படியே. இதைச் சுற்றிப் போக, பணம் கனடாவிலிருந்து அண்ணனிடமிருந்து வருகிறது, உறுதி தம்பியின் பெயரில் எழுதப்படுகிறது. ஒரு துண்டு எழுத்தும் கிடையாது. அண்ணன் தம்பியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அவர்களின் பிள்ளைகள் மச்சான் மச்சாளாக நீதிமன்ற வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவருக்காகக் கையொப்பமிடும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவத்தோடு வருபவரிடம், அதைக் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று நான் முதலில் கேட்பேன். கொடுத்தவர் இறந்த கணமே அந்தத் தத்துவமும் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அதைக் கொண்டு எழுதும் விற்பனை உறுதியை நம்பி நீங்கள் கட்டடம் எழுப்ப முடியாது.

இனி முற்பணம். என்னை மிகவும் வருத்தும் விடயம் இதுதான்.

எங்கள் ஊர்களில் கடைத்தொகுதிகள் பல வாடகைக்காரரின் பணத்தில் எழும்புகின்றன. தூண் போட்டவுடனேயே கடைக்கு இவ்வளவு என்று முற்பணம் வாங்கிவிடுவார்கள். வட்டி இல்லாத கடன் அது என்பதால் கை சுலபமாக நீளும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எட்டுக் கடைக்கு முற்பணம் வாங்கி, அந்தப் பணத்தில் பாதியை இன்னொரு காணிக்குக் கொடுத்தார். பொருளாதார நெருக்கடியோடு 2022 வந்தது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயாக இருந்த 50 கிலோ சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது, கம்பி விலையைக் கேட்கவே பயமாக இருந்தது. கட்டடம் முதல் மாடிக் கொங்கிரீட்டோடு நின்றது. முற்பணம் கொடுத்தவர்களில் ஒருவர் தையற்கடை வைக்கவிருந்த பெண். நகையை ஈடு வைத்துக் கொடுத்திருந்தார். அவர் கொண்டுவந்த உடன்படிக்கை வெள்ளைத்தாளில், முத்திரை ஒட்டி, ஐந்து வருடத்துக்கென்று எழுதப்பட்டிருந்தது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியாக இல்லாவிட்டால் குத்தகையாக நிற்காது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம், கடையைக் கேட்க முடியாது. அந்தத் தாளை அவர் நான்காக மடித்து, மணிப்பேசுக்குள் வைத்து, மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

கட்டுபவர் கெட்டவர் இல்லை. இன்றுவரை ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் வாடகைக்காரரின் முற்பணம் அவருடைய இலாபமாக ஒருநாளும் இருக்கவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைத் தனிக் கணக்கில் வையுங்கள், அந்தக் கட்டடத்தைத் தவிர வேறெதற்கும் தொடாதீர்கள், குத்தகையை உறுதியாக எழுதிப் பதியுங்கள். நொத்தாரிசு செலவு கூடும்தான். வாடகைக்காரர் வெளியேற மறுத்தாலும் அந்தப் பதிவே உங்களுக்கு உதவும். குத்தகைக்குக் கொடுத்த ஆதனத்தை மீளப்பெறும் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்காக எழுதிய குத்தகைக்கே கைகொடுக்கும்.

கடைகளைத் தனித்தனியாக விற்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். முழுக் காணியில் பகிரப்படாத பங்கு என்று எழுதி எட்டுப் பேருக்கு விற்றால், எட்டுப் பேரும் எல்லாத் தூணுக்கும் சொந்தக்காரர். ஒருவர் ஈடு வைக்கப் போனால் வங்கி தயங்கும், ஒருவர் கோபித்தால் பங்கு பிரிக்கும் வழக்கு வரும். மாடிக் கட்டடத்தைப் பிரித்து விற்கக் கூட்டாதனச் சட்டம் 1973 முதல் இருக்கிறது. அதன் வழியே போங்கள்.

வட்டியை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மூன்று கோடி ரூபாய்க் கடனுக்கு 10 வீதத்தில் மாத வட்டி மட்டும் இரண்டரை இலட்சம். 25 வீதத்தில் ஆறேகால் இலட்சம். 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் அந்த வருடக் கடைசியில் இந்த இரண்டாவது கணக்குக்குப் பக்கத்தில் நின்றார்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிக்குக் கொடுத்திருக்கும் பராட்டே அதிகாரத்தின்படி, ஈடு வைத்த ஆதனத்தை நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விடலாம். சீதன வளவு ஏலத்துக்கு வந்த பத்திரிகை விளம்பரங்களை நான் வெட்டி வைத்திருக்கிறேன். கடன் கேட்டு வருபவர்களுக்குக் காட்டுவதற்காக.

வீதி ஓரக் காணியில் இன்னொரு கணக்கும் உண்டு. 10 பேர்ச் என்றால் 2,722 சதுர அடி. வீதி முகப்பு 30 அடி இருந்து, வீதியிலிருந்து விட வேண்டிய இடைவெளியான கட்டடக் கோட்டுக்காக 20 அடி ஆழம் விட வேண்டியிருந்தால் 600 சதுர அடி போய்விடும், ஐந்தில் ஒன்றுக்கும் மேல். வாகனத் தரிப்பிடமும் கேட்பார்கள். கடற்கரைப் பக்கம் என்றால் கரையோர வலயம் சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றர் உள்ளே வருகிறது, அங்கே தனி அனுமதி தேவை. காணி வாங்கும் முன் உள்ளூராட்சி சபையில் இவற்றைக் கேளுங்கள். முடிந்த கட்டடத்துக்கான இணக்கச் சான்றிதழ் இல்லாமல் நல்ல நிறுவனம் எதுவும் வாடகைக்கு வராது.

இந்தத் தொழிலில் நிலைத்த ஒருவரின் உறுதிகளையும் நான் எழுதுகிறேன். வன்பொருள் கடை வைத்திருந்தவர். முதலில் 12 பேர்ச், நான்கு கடை, மாடி இல்லை. அத்திவாரத்தை மட்டும் மூன்று மாடிக்குப் போட்டார். கடனே எடுக்கவில்லை. நான்கு வருட வாடகையைச் சேர்த்துத்தான் மேல்மாடியைக் கட்டினார். இரண்டாவது கட்டடத்தைத் தொடங்கு முன் ஒரு நிறுவனத்திடமிருந்து பத்து வருடக் குத்தகைக்கு எழுத்தில் சம்மதம் வாங்கி, அந்தக் கடிதத்தோடு வங்கிக்குப் போனார். புதுக் காணி பார்க்கப் போனால் காலை, மதியம், இரவு என்று மூன்று நேரமும் எதிரேயுள்ள தேநீர்க்கடையில் உட்கார்ந்து, யார் நிற்கிறார்கள், யார் நிற்காமல் போகிறார்கள் என்று பார்ப்பார். மழைநாளில் ஒருமுறை கட்டாயம் போவார், எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க. பதினைந்து வருடத்தில் மூன்றே கட்டடங்கள். ஒன்றும் ஏலத்துக்கு வரவில்லை.

கட்டார் தம்பிக்கு நான் அன்று உறுதி எழுதவில்லை. நீங்களும் இப்படி ஒரு வரைபடத்தோடு என்னிடம் வருவதாக இருந்தால் உறுதியின் முழுப் பிரதி, நில அளவைப் படம், பதிவகத் தேடல் அறிக்கை, வரி கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். மனைவியையும் அழைத்து வாருங்கள். மாமியையும்.