இரும்புக் கோடு நகர்ந்ததா?

ஒளியின் வேகம் காலப்போக்கில் மாறியிருக்குமா என்று கேட்டால் நேரடியாக அளந்து பதில் சொல்ல வழியில்லை. மீட்டரையே ஒளியின் வேகத்தை வைத்துத்தான் வரையறுத்திருக்கிறோம். அது மாறினால் அளவுகோலும் கூடவே மாறிவிடும். ஆகவே அலகே இல்லாத எண்ணாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் ஆல்பா, அதாவது நுண்கட்டமைப்பு மாறிலி, அப்படிப்பட்ட எண்; அதன் சூத்திரத்தில் ஒளியின் வேகமும் உண்டு. எந்த அலகில் கணக்குப் போட்டாலும் சுமார் 1/137.036.

சரி, ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் இது எவ்வளவு இருந்தது? தொலைதூரக் குவேசாரின் (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையத்தின்) ஒளி நம்மிடம் வரும் வழியில் வாயு மேகங்களைக் கடக்கிறது. மேகத்தில் உள்ள அணுக்கள் தத்தம் அலைநீளங்களை மட்டும் விழுங்கிவிட, நிறமாலையில் இருண்ட கோடுகள் விழுகின்றன. பிரபஞ்சம் விரிவதால் எல்லாக் கோடுகளும் ஒரே விகிதத்தில் நீளும். ஆல்பா மாறினால் அப்படியல்ல, கோட்டுக்குக் கோடு நகர்வு வேறுபடும். கனமான அணுக்கருவின் அருகே எலெக்ட்ரான்கள் அதிவேகமாக ஓடுவதால் சார்பியல் விளைவு அங்கே கூடுதல்; அந்த விளைவோ ஆல்பாவின் இருமடியைப் பொறுத்தது. எனவே மக்னீசியத்தின் 2796, 2803 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) கோடுகள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். இரும்பின் 2382, 2600 கோடுகள் நகரும். ஒன்று நட்டுவைத்த கம்பம், மற்றது அதன் பக்கத்தில் ஆடும் முள்.

1999-இல் வானியலாளர் ஜான் வெப் குழுவினர் ஹவாயின் கெக் தொலைநோக்கித் தரவுகளை ஆராய்ந்து, அன்றைய ஆல்பா லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக இருந்ததாக அறிவித்தார்கள். இரும்புக் கோட்டில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்வுதான்! பிறகு சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கியின் தரவுகளைப் பார்த்தால், வானத்தின் வேறு திசையில் ஆல்பா கூடியிருந்ததாகத் தெரிந்தது. இயற்பியலே திசைக்குத் திசை மாறுகிறதா என்று பரபரப்பு.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். அலைநீளத்தை அளக்க தோரியம்-ஆர்கான் விளக்கின் கோடுகளை அளவுகோலாக வைத்திருந்தார்கள். விளக்கின் ஒளியும் குவேசாரின் ஒளியும் கருவிக்குள் அச்சு அசலாக ஒரே பாதையில் போவதில்லை. குறுங்கோள்களில் பட்டு எதிரொளிக்கும் சூரிய ஒளியை அதே கருவிகளில் பிடித்து, ஏற்கெனவே துல்லியமாக அளந்த சூரிய நிறமாலையோடு ஒப்பிட்டபோது அளவுகோலே கோணலாக இருந்தது வெளிப்பட்டது. எஸ்பிரஸ்ஸோ என்ற புதிய நிறமாலைமானி, லேசர் அதிர்வெண் சீப்பின் (சம இடைவெளியில் கோடுகள் தரும் லேசர் அளவுகோலின்) துணையோடு ஒரு பிரகாசமான குவேசாரை அளந்தது; முடிவு 2022-இல் வெளியானது. பத்து லட்சத்தில் ஓரிரு பங்குத் துல்லியத்தில் மாற்றம் எதுவும் தென்படவில்லை.

பூமியிலும் ஒரு பழைய சாட்சி உண்டு. காபோன் நாட்டின் ஓக்லோவில் சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியப் பாறை தானாகவே அணு உலையாக எரிந்தது. அந்தப் பாறையில் இருந்த சமேரியம்-149 என்ற தனிம வகை நியூட்ரானை விழுங்கும் வேகம் மிக நுட்பமான ஆற்றல் பொருத்தத்தைச் சார்ந்தது. ஆல்பா சற்று விலகியிருந்தாலும் பாறையில் எஞ்சிய சமேரியத்தின் கணக்கு இடித்திருக்கும். இடிக்கவில்லை.

இன்றோ ஆய்வகத்திலேயே பார்க்கலாம். ஒரே இட்டெர்பியம் அயனியில், ஆல்பாவுக்கு வெவ்வேறு அளவில் அசைந்துகொடுக்கும் இரண்டு எலெக்ட்ரான் தாவல்களைக் கடிகாரங்களாக ஓடவிட்டு, ஒன்று மற்றதை முந்துகிறதா என்று ஜெர்மனியில் பல ஆண்டுகள் கவனித்தார்கள். முந்தவில்லை. 2024-இல் தோரியம்-229 அணுக்கருவையே லேசரால் கிளர்த்த முடிந்துவிட்டதால், அடுத்த பந்தயம் அணுக்கருக் கடிகாரத்துக்கும் எலெக்ட்ரான் கடிகாரத்துக்கும் இடையில்.