ஒரே தாவல், இரண்டு வேலை

வேல்ஸின் ஸ்வான்சியில் 1931இல் பிறந்த கால்பந்து ஆட்டக்காரர் ஜான் சார்ல்ஸ், இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் அணிக்குத் தடுப்பாட்டக்காரராகத்தான் ஆடத் தொடங்கினார். கோல் விழாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. 1952இல் மேலாளர் ஃபிராங்க் பக்லி அவரை முன்வரிசைக்கு மாற்றினார். 1953-54 பருவத்தில் இரண்டாம் டிவிஷன் லீக்கில் மட்டும் அவர் போட்டது 42 கோல். 1957இல் இத்தாலியின் யுவென்டஸ் அவரை 65,000 பவுண்டுக்கு வாங்கியது. முதல் பருவத்திலேயே 28 கோல்களுடன் அந்த நாட்டு லீக்கில் முதலிடம். அணி முன்னிலை பெற்றதும் பின்வரிசைக்குப் போய் நின்று தடுப்பார் என்றும் சொல்வதுண்டு.

எதிரெதிரான இரண்டு வேலைகளை ஒருவரால் எப்படிச் செய்ய முடிந்தது? பாதி விடை அவருடைய தலையில் இருக்கிறது: தாவி எழும்பிப் பந்தைத் தலையால் முட்டுவதில்.

அறுபது செ.மீ. உயரம் எழும்பும் ஒருவர் சுமார் 0.7 விநாடி காற்றில் இருப்பார். உச்சியை நெருங்கும்போது வேகம் குறைந்துவிடுவதால், அந்த நேரத்தில் சரிபாதி மேலேயுள்ள 15 செ.மீ.க்குள்ளேயே கழிகிறது. ‘அந்தரத்தில் நின்றார்’ என்று ரசிகர்கள் வியப்பது இதைப் பார்த்துத்தான். உடல் எடை எவ்வளவானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆட்டக்காரர் கையில் இருப்பது எப்போது எழும்புவது என்கிற முடிவு மட்டுமே. சார்ல்ஸின் 188 செ.மீ. உயரம் கூடுதல் வசதி. முழங்கையால் இடித்து இடம் பிடிக்கும் தேவை அவருக்கு இல்லை. ஒருமுறைகூட நடுவரின் எச்சரிக்கை பெறாதவர் என்று புகழப்பட்டவர். இத்தாலியர்கள் அவரை ‘நல்ல ராட்சசன்’ என்றே அழைத்தார்கள்.

அடுத்தது கழுத்து. விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் 430 கிராம் பந்தை 10 மீட்டர் வேகத்தில் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். தொடுகை நீடிப்பது விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் சராசரியாக 1,000 நியூட்டன் விசை செயல்பட வேண்டும். கழுத்து தளர்ந்திருந்தால் ஐந்து கிலோ தலை தனியாக அதை வாங்கிப் பின்னால் துள்ளும். தசைகளை இறுக்கினால் உடற்பகுதியின் நிறையும் தலையோடு சேர்ந்துகொள்கிறது. தலை குறைவாக ஆடும், பந்து வேகமாகப் போகும்.

மிச்சம் கோணம். பந்தின் மையத்துக்குக் கீழே நெற்றி பட்டால் அது உயர்ந்து தூரம் போகும்; தடுப்பவருக்கு வேண்டியது அதுதான். மையத்துக்கு மேலே பட்டால் கீழ்நோக்கிப் பாய்ந்து கோல்கீப்பரின் காலடியில் குத்தி எழும். தாவல் ஒன்றுதான், நெற்றி படும் இடம் சில செ.மீ. மாறுகிறது.

தலையால் முட்டுவதற்கு ஒரு விலையும் உண்டு. சார்ல்ஸ் 2004இல் இறந்தார். கடைசிக் காலத்தில் அல்சைமர் நோய் அவரைத் தாக்கியிருந்தது. ஒரு தனிமனிதரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆராய்ந்த கிளாஸ்கோ பல்கலைக்கழகம், நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று 2019இல் கண்டது. தொடர்ந்து 2021இல் வந்த ஆய்வில் தடுப்பாட்டக்காரர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். அரிதாகவே தலையால் முட்டும் கோல்கீப்பர்களிடம் அப்படி உயர்வு தென்படவில்லை.

மழையில் ஊறிக் கனத்த பழைய தோல்பந்துமேல் மட்டும் பழியைப் போடுவது எளிது. கனத்த பந்து மெதுவாகவும் பறக்கும். நீர் புகாத இன்றைய பந்து இன்னும் வேகமாக வருகிறது. இங்கிலாந்தில் 2021 முதல் தொழில்முறை அணிகளுக்கு, பயிற்சியில் வாரத்துக்குப் பத்துக்கு மேல் பலமான தலைமுட்டுகள் வேண்டாம் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள்.