சிமுலேஷன்: உருவகம் அல்ல, ஒத்திகை

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் பந்தயக் கார் கட்டினால், அதைப் பற்றித் தமிழில் எழுதும் குறிப்பில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "கணினி உருவகப்படுத்துதல் மூலம் வடிவமைக்கப்பட்ட கார்." சிமுலேஷனுக்கு 'உருவகப்படுத்துதல்' என்று வைக்கும் இந்தச் சொல்லை இனியாவது விட்டுவிட வேண்டும்.

இலத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் ஒத்தது. 'சிமுலாரே' என்றால் ஒன்றைப் போலச் செய்வது. அதிலிருந்து வந்த 'சிமுலேஷன்' ஆங்கிலத்துக்குப் போன புதிதில் பாசாங்கு என்றே பொருள். கணக்குப் போட்டு நடத்திப் பார்ப்பது என்பது கணினிக் காலத்துப் பொருள்.

உருவகம் என்ன என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 'மதிமுகம்' உவமை, மதி வேறு, முகம் வேறு என்ற எண்ணம் அதில் உண்டு. 'முகமதி' உருவகம், இரண்டும் ஒன்றே என்று சாதிப்பது. சிமுலேஷனில் செய்யவே கூடாதது அதுதான். கணக்கும் காரும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொண்டே இருப்பதுதான் இந்தத் தொழில்.

லேப் டைம், அதாவது பாதையை ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் நேரம், அதன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை ஏறத்தாழ 3.7 கி.மீ. அதை 1 மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வளைவின் ஆரத்தைக் கொடுக்கிறோம். ஆரம் 40 மீட்டர், டயர் பிடிமானம் (தன் மேல் உள்ள எடையைப் போல் எத்தனை மடங்கு விசை தரும் என்ற எண்) 1.3 என்றால் அந்த வளைவில் அதிகபட்ச வேகம் மணிக்கு 81 கி.மீ. பிறகு வளைவிலிருந்து முன்னோக்கி முடுக்கத்தையும், அடுத்த வளைவிலிருந்து பின்னோக்கி பிரேக்கையும் கணக்கிட்டு, ஒவ்வொரு துண்டிலும் எது குறைவோ அந்த வேகத்தை எடுத்து நேரத்தைக் கூட்ட வேண்டும்.

இதில் கார் வெறும் புள்ளி. ஓட்டுநரோடு 300 கிலோ, ஈர்ப்பு மையம் 30 செ.மீ. உயரம், இடது வலது சக்கர இடைவெளி 120 செ.மீ. உள்ள கார் 1.3 ஜி-யில் (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 1.3 மடங்கில்) திரும்பினால் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு 97 கிலோவுக்கு மேல் எடை மாறும். எடை கூடுகிற அளவுக்கு டயரின் பிடிமானம் கூடாது. புள்ளிக்கு இதெல்லாம் தெரியாது. ஆகவே வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரை மாற்றினால் என்ன ஆகும் என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. டயரின் பிடிமான எண்களும் ஏமாற்றும். சோதனை எந்திரத்தில் டயர் ஓடுவது உப்புத்தாள் பட்டையின் மேல். தார்ச்சாலையில் அந்தப் பிடிமானம் கிடைக்காது. அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குவது வழக்கம். பாதையின் வடிவத்தை ஜிபிஎஸ் பதிவிலிருந்து எடுத்து, சீராக்காமல் போட்டாலோ, நேர்ச்சாலையிலேயே இல்லாத வளைவு முளைத்து கார் பிரேக் பிடிக்கும்.

இத்தனை வேறுபாடு உள்ள ஒன்றை உருவகம் என்பது பிழை. மொழிபெயர்ப்புக் கருவி முதலில் நீட்டும் சொல்லை அப்படியே ஒட்டுகிறவர்கள், பொருளை ஒரு நிமிடம் நினைத்தாலே இதை எழுத மாட்டார்கள்.

'பாவனையாக்கம்' என்போர் உண்டு. ஆனால் இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு. பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். ஒரே சொல் இரு கரையிலும் இரு பொருள் தரும். 'போலியாக்கம்' என்றால் கள்ள உதிரிபாகம்தான் நினைவுக்கு வரும். 'ஒப்புரு' நல்ல சொல், ஆனால் அது மாடலுக்கு உரியது, சும்மா நிற்பது. சிமுலேஷன் ஓடுவது.

நம்மிடம் ஒத்திகை இருக்கிறது. ஒத்தல், ஒப்பு என்ற குடும்பத்துச் சொல். வடார்க்காட்டுக் கூத்துக்காரர் வேடம் கட்டாமல், ஆட்டத்தையும் பாட்டையும் மட்டும் நடத்திப் பார்ப்பது ஒத்திகை. தீயணைப்பு ஒத்திகையில் கட்டடம் எரிவதில்லை. எதை விடுகிறோம், எதைச் செய்து பார்க்கிறோம் என்று தெரிந்தே செய்வது. புள்ளிக் காரும் அப்படித்தான், ஸ்பிரிங்கையும் அதன் துள்ளலை அடக்கும் டேம்பரையும் தெரிந்தே விடுகிறது. விண்மீன் பிறப்பைக் கணக்கிடுவோருக்கு இச்சொல் ஒட்டாமல் போகலாம். ஓடப்போகும் காருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

மாடல் ஒப்புரு, சிமுலேஷன் ஒத்திகை, சிமுலேட்டர் ஒத்திகைக் கருவி. பாதையில் எடுத்த பதிவோடு சரிபார்ப்பது ஒத்துப்பார்த்தல். "ஒத்திகையில் 81 வந்த வளைவில் கார் 76-தான் போனது, ஒத்துப்பார்த்து டயர் எண்ணைக் குறைத்தோம்" என்று எழுதினால் பட்டறையில் இருக்கும் மெக்கானிக்குக்கும் புரியும்.